சாப்பாட்டுச் சனிக்கிழமை - 11: டோஃபுவுக்குள்ள ஒரு மீன்

மக்களே, ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரமுடியல. தீசிஸ்தான் காரணம். இந்த வாரமும் சாப்பாட்டுக் கதைதான், ஆனா கொஞ்சம் வில்லங்கமானது.

வான்கூவர் டவுன்டவுன்ல இசகாயாக்கள் நிறைய. குடிக்க வர்றவங்களுக்குச் சின்னச் சின்னத் தட்டுல கொறிக்கக் கொடுக்கிற ஜப்பானியக் கடைன்னு வச்சுக்கலாம். உள்ள நுழைஞ்சதும் சமையல்காரர்ல இருந்து பரிமாறுற பொண்ணு வரைக்கும் "இரஷ்ஷைமாஸே"ன்னு ஒரே கத்து. முதல் தடவை போனப்போ ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன் :-)

இங்க சம்பிரதாயம் எல்லாம் கிடையாது. உடோன் நூடுல்ஸ்ல கார்பனாரா பண்ணுவாங்க. சீஸை நோரிப் பாசியில சுத்திப் பொரிப்பாங்க. மக்காச்சோளத்தை வெண்ணெயும் சோயாவும் தடவிச் சுடுவாங்க. "இதெல்லாம் ஜப்பான் சாப்பாடா?"ன்னு கூட வந்த லேப் தோழிகிட்ட கேட்டேன். அவ ஒசாகாக்காரி. "நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு"ன்னுட்டா.

நான் சுத்த சைவம். எங்க போனாலும் எனக்கு அகெதாஷி டோஃபுதான். உருளைக்கிழங்கு மாவுல புரட்டிப் பொரிச்ச டோஃபு, அடியில ஒரு பழுப்பு ரசம். ரெண்டு வருஷமா மாசம் தவறாம சாப்பிட்டிருக்கேன். அன்னிக்கும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு நிமிர்ந்தா, அவ என்னையே பாக்குறா.

"நீ மீன் சாப்பிட மாட்டேதானே? அந்த ரசமே மீன்ல வச்சதுதான்."

அது தாஷியாம். தாஷின்னா மூலச்சாறு. கொம்புங்கிற கடற்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு எடுப்பாங்க. கட்சுவோபுஷின்னா சூரை மீனை வேகவச்சு, புகைபோட்டு, கட்டையாட்டம் காயவச்சு, இழைப்புளியில சீவுற மாதிரி சீவினது. அட, இது நம்ம மாசிக் கருவாடு! திருநெல்வேலியில எதிர்வீட்டுல மாசி இடிச்சா எங்க ஆச்சி ஜன்னலைச் சாத்துவா. அவ பேரன் இங்க அதைக் கரண்டியால குடிச்சிட்டு இருந்திருக்கான்.

தோழி பரிமாறுற பொண்ணுகிட்ட ஜப்பானிய மொழியில என்னமோ பேசினா. பத்து நிமிஷத்துல இன்னொரு டோஃபு வந்துச்சு. ரசம் இல்ல, மேல துருவின முள்ளங்கி, இஞ்சி, கொஞ்சம் சோயா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பழசு மாதிரி இல்லைங்கிறதுதான் என்னை உறுத்துச்சு.

அப்பதான் அவ சொன்னா, ஜென் மடங்கள்ல ஷோஜின் ரியோரின்னு ஒரு சைவச் சமையல் இருக்காம். மீன் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது, நம்ம விரதச் சமையல் மாதிரி. அங்க கொம்பும் காய்ஞ்ச ஷிடாகே காளானும் ஊறவச்ச தண்ணிதான் தாஷி. 1908ல இகேடாங்கிற டோக்கியோ பேராசிரியர் இந்தக் கொம்புல இருந்துதான் குளூட்டமேட்டைப் பிரிச்சு, அந்த ருசிக்கு உமாமின்னு பேர் வச்சார். மறுவருஷம் அதுவே அஜினமோட்டோன்னு கடைக்கு வந்துச்சு. ஆக நம்ம ஊர் ஃப்ரைட் ரைஸ் வண்டிக்கும் மூலம் இந்தப் பாசிதான்!

சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை: மிசோ சூப், உடோன் ரசம், டெம்புராவுக்குத் தொட்டுக்கிற சாறு, எல்லாத்துலயும் பெரும்பாலும் இந்த மீன் இருக்கும். "மீன் துண்டு இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க. "தாஷி எதுல வச்சது"ன்னு கேளுங்க.

ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட போன்ல சொல்லவா வேண்டாமான்னு அரை மணி நேரம் உருட்டினேன். ரெண்டு வருஷமா வாராவாரம் "சைவமாத்தானல சாப்பிடுத?"ன்னு கேக்குறா, நானும் ஆமான்னே சொல்லியிருக்கேன். கடைசியில சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தெரியாமத்தானல சாப்பிட்ட... ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிராத."

இப்ப ராத்திரி கொம்பும் காளானும் ஊறப்போட்டிருக்கேன். பழைய ருசி வருதான்னு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்.