சோடாவுக்கு எத்தனை பொருள்?

"பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் குறுக்கெழுத்துப் புதிரா?" என்று வீட்டில் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் அந்தக் கட்டங்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு சொல்லை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது என்று கற்பிப்பவை என்பதே எங்கள் கருத்து.

இன்றைய குறுக்கெழுத்துப் புதிருக்கு முன்னோடியை 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் வெளியிட்டார். அதன் வழிவந்த ஆங்கிலப் புதிர்களில் 'சோடா' என்ற சிறு சொல் அடிக்கடி தலைகாட்டும். ஆங்கிலத்தில் அது நான்கு எழுத்து. மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் பிற சொற்கள் அதன் குறுக்கே எளிதில் அமைந்துவிடும். தமிழிலோ இரண்டே கட்டம்! எழுத்துகள் அதிகம் உதவா. குறிப்புதான் வழிகாட்ட வேண்டும்.

அந்தக் குறிப்புகள்தாம் எத்தனை! 'தாகம் தீர்ப்பது', 'ஆப்ப மாவைப் பொங்க வைப்பது', 'துணி அழுக்கை நீக்குவது', 'தோலில் பட்டால் புண்ணாக்குவது' ஆகிய நான்குக்கும் விடை சோடாவே. முதலாவது கரியமில வாயு கரைந்த நீர். இரண்டாவது சோடியம் பைகார்பனேட். மூன்றாவது சோடியம் கார்பனேட். நான்காவது எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு. அந்த எரிசோடாவிலிருந்து 1807இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தால் பிரித்தெடுத்த உலோகமே சோடியம். சோடாதான் அதற்குப் பெயர் தந்தது. எந்தச் சோடா என்று அறியாமலும் கட்டத்தை நிரப்பிவிடலாம்; ஆப்பம் சுட முடியுமா?

எங்கள் வகுப்பில் இன்னொரு பொருளும் வழங்கியது. தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த தோழி ஒருத்தியைச் 'சோடாபுட்டி' என்று அழைத்து வந்தோம். அவளும் சிரிப்பாள். ஆகவே அவளுக்கு வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் நூலக வகுப்பில் நாங்களே புதிர் ஒன்றை அமைத்துக் கரும்பலகையில் எழுதினோம். ஹிரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற கோலிப் புட்டியை மனத்தில் வைத்து, 'கழுத்தில் கோலி, வயிற்றில் காற்று' என்று ஒரு குறிப்புக் கொடுத்தோம். விடை தெரிந்ததும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தாள். மணி அடிக்கும்வரை அணியவே இல்லை. கரும்பலகை அவளுக்குத் தெரிந்திருக்காது. புதிர்களில் எப்போதும் முந்துபவள், அன்று ஒரு விடைகூடச் சொல்லவில்லை.

இரண்டெழுத்துச் சொல்லுக்கு இத்தனை பொருள் தேடிய நாங்கள், உடன் படிக்கும் தோழிக்கு ஒரே பொருளை எழுதி முடித்துவிட்டோம். அவள் சிரிப்புக்கும் வேறு பொருள் இருக்கலாம் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கட்டத்தில் தவறாக எழுதினால் ரப்பரால் அழித்துவிடலாம். பட்டப்பெயரை அழிக்க வேண்டுமானால் வகுப்பே சேர்ந்து வாயை அடக்க வேண்டும். மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது பெயர் சொல்லியே அழைக்கிறோம். புதிர்களில் மீண்டும் அவளே முந்துகிறாள்.

தோழியரே, உங்கள் வகுப்பிலும் அப்படியொரு பட்டப்பெயர் உண்டா? அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அதை அழித்துவிடுங்கள்.