"கொலைகார எந்திர மனிதன்" செய்வதா? பல்கலைக்கழகத்தை ஒதுக்கி வைத்த விஞ்ஞானிகள்!

தானாகவே குறி பார்த்துச் சுடும் ஆயுதத்தைச் செய்யப் போகிறது என்று ஒரு பல்கலைக்கழகத்தின் மீது புகார் கிளம்பியது. பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்று கூடி, அதனுடன் இனி எந்தச் சகவாசமும் கிடையாது என்று அறிவித்து விட்டார்கள்.

இது 2018-ம் ஆண்டு தென்கொரியாவில் நடந்தது. ராணுவ வேலைக்காகப் பல்கலைக்கழகங்கள் பணம் வாங்கலாமா, வாங்கினால் எல்லை எது என்ற கேள்விக்கு இந்தச் சம்பவத்தில் பாதி பதில் இருக்கிறது.

என்ன நடந்தது?

தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ளது "கைஸ்ட்" பல்கலைக்கழகம். நம் ஊர் ஐ.ஐ.டி. மாதிரி.

2018 பிப்ரவரியில் இதுவும் "ஹன்வா சிஸ்டம்ஸ்" என்ற ஆயுதக் கம்பெனியும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தன. செயற்கை நுண்ணறிவை ராணுவத்துக்குப் பயன்படுத்துவதுதான் நோக்கம்.

தளபதிகள் முடிவெடுக்க உதவும் கம்ப்யூட்டர், கடலுக்கு அடியில் ஆள் இல்லாமல் செல்லும் பெரிய கலத்துக்கு வழிகாட்டும் முறை, விமானப் பயிற்சிக் கருவி, ஒரு பொருளை அடையாளம் கண்டு பின்தொடரும் கருவி என 4 வேலைகள் எடுத்துக் கொள்ளப்பட்டன.

ஹன்வா குழுமம் அப்போது கொத்துக் குண்டு தயாரித்து வந்தது. ஒரு குண்டுக்குள் இருந்து பல சிறு குண்டுகள் சிதறி விழும். 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்த ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தன. தென்கொரியா சேரவில்லை. அதனால் சந்தேகம் வலுத்தது.

5 நாளில் சமரசம்

ஏப்ரல் 4-ந் தேதி ஆஸ்திரேலியப் பேராசிரியர் டோபி வால்ஷ் முன்னின்று ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். 50-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

கைஸ்டுக்குப் போக மாட்டோம், அங்கிருந்து வருபவர்களை ஏற்க மாட்டோம், சேர்ந்து ஆராய்ச்சி செய்ய மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நிலையத்தை மூடு என்று கேட்கவில்லை. மனிதக் கட்டுப்பாடு இல்லாத ஆயுதம் செய்வதில்லை என்று உறுதி கொடு என்றுதான் கேட்டார்கள்.

பல்கலைக்கழகத் தலைவர் ஷின் சங்-சுல் உடனே மறுத்தார். கொலைகார எந்திர மனிதன் செய்யும் எண்ணமே இல்லை, மனித கண்ணியத்துக்கு விரோதமான ஆராய்ச்சியில் இறங்க மாட்டோம் என்று உறுதி கூறினார். ஏப்ரல் 9-ந் தேதி புறக்கணிப்பு வாபஸ் ஆனது.

ராணுவப் பணம் என்றாலே கெடுதலா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இதே கைஸ்ட் 2015-ம் ஆண்டு அமெரிக்க ராணுவத் துறையின் "டார்பா" நடத்திய போட்டியில் முதல் பரிசாக 20 லட்சம் டாலர் வென்றது.

2011-ல் ஜப்பானின் புகுஷிமா அணு உலையில் நடந்த விபத்தைப் பார்த்துத்தான் அந்தப் போட்டியே வைக்கப்பட்டது. கைஸ்டின் "ஹூபோ" என்ற எந்திர மனிதன் வண்டி ஓட்டியது, கதவைத் திறந்தது, குழாய் வால்வைத் திருகியது, படி ஏறியது. ஆள் போக முடியாத இடத்தில் போய் உயிர் காக்கும் வேலை அது.

ஆனால் வால்வைக் கண்டுபிடிக்கும் கண்ணும் கையும், ஆளைத் தேடிப் போகவும் உதவும். கருவி ஒன்றுதான். விசையை அழுத்துவது மனிதனா, எந்திரமா என்பதில்தான் வித்தியாசம்.

பெயர்ப்பலகை மாறியது

வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்காவிலும் இதே தகராறு வந்தது. மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 1970-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையத்தைத் தனியாகப் பிரித்து விட்டது. ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவி செய்த ஆய்வுக்கூடத்தை 1973-ல் எம்.ஐ.டி.யும் கழற்றி விட்டது.

ராணுவ வேலை நின்றதா? இல்லை. பெயர்ப்பலகைதான் மாறியது. பல்கலைக்கழகம் கையைக் கழுவிக் கொண்டது, அவ்வளவுதான்.

கைஸ்ட் விஷயத்தில் பிரிவினை இல்லை. எல்லைக்கோடு போடப்பட்டது. அந்த வகையில் இது மேல்.

ஓட்டை எங்கே?

தலைவர் கொடுத்தது வாக்குறுதி. சட்டம் அல்ல. அடுத்து வரும் தலைவரை அது கட்டுப்படுத்துமா?

உலக அளவிலும் இதே கதைதான். இத்தகைய ஆயுதங்கள் பற்றிக் கவலை தெரிவித்து 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. 152 நாடுகள் ஆதரித்தன, 4 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. இதைப் பேச ஜெனீவா மாநாடுதான் சரியான இடம் என்பது இந்தியாவின் வாதம். எப்படியானாலும் அந்தத் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

கைஸ்டில் திறப்பு விழா பிப்ரவரியில் நடந்தது. உறுதிமொழி ஏப்ரலில் வந்தது. அட்வான்சை வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு நிபந்தனை பேசினால் எந்த வியாபாரி ஒப்புக் கொள்வார்? "விசை மனிதன் கையில்தான்" என்ற வரி, பணம் வாங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

தென்கொரியாவில் வெளியில் இருந்து 50 பேர் சத்தம் போட்டார்கள். பதில் கிடைத்தது. சத்தம் போட ஆள் இல்லாத இடத்தில் யார் கேட்பது?