மடை திறந்தது மலேசியாவில்!

காட்டுப்பாக்கத்துத் தேநீர்க் கடையில் ‘மடை திறந்து’ ஒலித்தால், எங்களுள் பலரும் இடையில் ராப் வருமென்று காத்திருக்கிறோம். “இளையராஜாவின் பாட்டைக் கெடுத்துவிட்டார்களே!” என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில், வாய்ப்புத் தேடும் இசைக் கலைஞன் ஒருவனின் கனவாக வாலி எழுதிக் கொடுக்க, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடினார். 2006-இல் யோகி பி-யும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பில் அம்மெட்டை எடுத்தாண்டு, ராப் வரிகளை இடையே கோத்தனர். கோடம்பாக்கத்துக்கு வெகு தொலைவில் நின்று பாடிய மலேசியத் தமிழ் இளைஞர்களுக்கும் அதே கனவுதானே? பாட்டின் உயிரை அவர்கள் சரியாகவே பிடித்தார்கள் என்பேன்.

என் மனக்குறை வேறு. கல்லூரி விழாவில் இதற்கு ஆடுகிறோம். வாலியின் பெயரும் இல்லை, யோகி பி-யின் பெயரும் இல்லை. வெறும் ‘ரீமிக்ஸ்’ என்றே அறிவிக்கிறோம். அடுத்த விழாவிலாவது ஒலிபெருக்கியில் இருவர் பெயரையும் சொல்லிவிட்டு ஆடுவோமே, நண்பர்களே!