சாவடிக்கு ஒரு கூரை வேண்டும்

விருதுநகர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே, மேற்கு மலையடியில், கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூரில் முதுமையை எய்திவிட்ட நான், என் வயதையொத்தவர்களுக்காக வரையும் விண்ணப்பம் இது.

எங்கள் ஊர்ச் சாவடியில் பொழுது விடிந்ததும் வந்தமர்ந்து, மலையில் மழை உண்டா, கண்மாய் எந்த மட்டும் நிறைந்தது, எவர் வீட்டில் விசேஷம் என்றெல்லாம் பேசிக் களித்து, வெயில் ஏறியபின் வீடு திரும்பிய முதியவர்களுக்கு, அது வெறும் பொழுதுபோக்கு ஸ்தலமாக இருந்ததில்லை. ஒருவர் இரண்டு நாள் வராமற்போனால் மூன்றாம் நாள் காலையில் இன்னொருவர் தடியூன்றிச் சென்று அவர் கதவைத் தட்டுவார் என்ற நிச்சயமே அதன் ஜீவன். சென்ற ஐப்பசியில், பெற்ற மக்கள் திருப்பூரில் இருக்க, காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த பெரியவர் ஒருவர் பிழைத்தது அப்படித் தட்டிய கையால்தான். துயிலெழாத தோழியரை வாசல்தோறும் நின்றழைத்துக் கூட்டிச் செல்லும் பாவை நோன்பைப் பாடிய கோதையின் மண்ணில் இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று அச்சாவடியில் கூட்டம் குறைந்துவிட்டது. 1936-இல் இராஜபாளையத்தில் நூற்பாலை தோன்றிய பிறகு, ஏர் பிடித்தவர்களில் பலர் ஆலைக்குப் போனார்கள். ஆயினும் போனவர்கள் அந்தியில் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய பேரர்களோ பொங்கலுக்கு மட்டுமே வருகிறார்கள்.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. சாவடி எல்லாருக்கும் உரியதாக இருந்ததில்லை. பெண்கள் அதில் ஏறி அமர்ந்ததில்லை, சாதியின் பெயரால் கீழே நிறுத்தப்பட்டோரும் உண்டு. அது தவறு. மூதாட்டிகளுக்குத் துணை வாய்த்தது குழாயடியிலும், பின்னாளில் நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரையிலுமே. கூலியைக் காட்டிலும் அங்கே கூடியிருந்து குடித்த கஞ்சியே தங்கள் தேகத்தைத் தேற்றியதென்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அரசு எங்களை மறந்ததென்று சொல்வது நன்றி கொன்ற பேச்சாகும். விருதுநகர் ஈன்ற காமராஜரின் ஆட்சியில் 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. ஆனால் இவ்வுபகாரங்கள் எங்களைத் தனித்தனியே நாடி வருகின்றன. மணியார்டரோடு தபால்காரர் வந்த நாளில் சாவடி திருநாள்போல் நிறையும். இன்றோ, பருத்தியெடுத்துத் தேய்ந்த விரலின் ரேகை இயந்திரத்தில் பதியுமோ என்ற கவலையோடு ஒவ்வொருவரும் தனியே நிற்கிறோம்.

ஆகவே தங்களை வேண்டுவது இதுவே: இடிந்து கிடக்கும் சாவடியைச் செப்பனிட்டு, படிக்குக் கைப்பிடியும் பக்கத்தில் கழிப்பறையும் அமைத்து, ஆண் பெண் பேதமும் சாதி பேதமுமின்றி யாவர்க்கும் உரியதென்று தங்கள் கையாலேயே திறந்துவைத்து, மாதத்தில் ஒரு நாளேனும் உதவித்தொகையும் மருந்தும் அவ்விடத்திலேயே கிடைக்கக் கட்டளையிடுங்கள், நடக்கவியலாதவர்களுக்கு மட்டும் அவை வீடு தேடி வரட்டும்.

முன்பு காலையில் இருபது பேர் கூடிய இடத்தில் இப்போது நால்வர் இருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் கூரை வேய்ந்து தாருங்கள்.