தை பிறக்கும் முன்



மார்கழி வந்தால் ஸ்ரீரங்கத்தில் இரண்டு அவசரங்கள். வைகுண்ட ஏகாதசிக்குக் கோயில் தயாராகும். தை முகூர்த்தத்துக்குப் புதுவீடுகள் தயாராகும். அம்மா மண்டபம் சாலையிலும் திருவானைக்கோவிலிலும் ஒரு அறையில் பெயின்டர் நிற்கும்போதே அடுத்த அறையில் பெண்கள் தரை தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கிரகப்பிரவேசத் தேதி மாறாது. கட்டட வேலை இழுத்தடித்த நாட்களெல்லாம் சுத்தம் செய்ய வருபவர்களின் நாட்களிலிருந்தே கழிகின்றன. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

புதுக் கட்டடத்தின் அழுக்கு தினசரிப் புழங்கும் வீட்டின் அழுக்கு அல்ல. சிமென்ட் பால் டைல்ஸ் மேல் படலமாக இறுகியிருக்கும். பட்டி தேய்த்த தூள் அலமாரிக்குள், ஜன்னல் சேனலுக்குள், மின்விசிறி இறக்கை மேல் என்று எங்கும் படிந்திருக்கும். டைல்ஸும் கிரானைட்டும் அறுத்த தூளில் சிலிக்கா உண்டு. வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் அது எழுந்து மூச்சில் புகும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களின் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது. அதனால்தான் வேலை தெரிந்தவர்கள் மேலிருந்து தொடங்கி, தூளை வேக்குவத்தால் இழுத்து, பிறகு ஈரத்துணி போடுகிறார்கள். கண்ணாடியில் தெறித்த பெயின்டை நனைத்த பிறகே சுரண்டுகிறார்கள். காய்ந்த கண்ணாடியில் பிளேடு பட்டால், ஒட்டியிருக்கும் மணல் கோடு கிழித்துவிடும்.

நேரம் இல்லாவிட்டால் ஆசிட் பாட்டில் வந்துவிடுகிறது. அது சிமென்டைக் கரைக்கும். மார்பிளையும் கரைக்கும், குழாயின் பளபளப்பையும் கெடுக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கையுறைகூட இல்லாமல் சின்னக் குளியலறையில் குனிந்து தேய்ப்பவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

இந்த அவசரத்தை ஒரு பெரிய கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூன் 11 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 75,000 சதுர மீட்டர் பரப்பு. அவ்வளவு கண்ணாடியையும் தரையையும் ஒரே நாளில் துடைத்துத் தரும்படி யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மட்டும் அப்படிக் கேட்கிறோம்.

தையில் பால் காய்ச்சப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயின்டரும் எலெக்ட்ரீஷியனும் வெளியேறிய பிறகு சுத்தத்துக்கென்று தனியாக மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள். முகக்கவசம், கையுறை, தண்ணீர், நல்ல ஏணி இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் தாம்பாளத்தில் சுத்தம் செய்யும் பெண்களுக்கும் ஒரு சேலை இருக்கட்டும்.

இந்த வேலை செய்கிற சகோதரிகள் இதைப் படித்தாலோ, யாராவது படித்துக்காட்டினாலோ, எந்தக் கறையை எதைக் கொண்டு எடுக்கிறீர்கள், என்ன கூலி தருகிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்களுக்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்