மோட்டார் வண்டியும் துடைக்கும் துண்டும்

நம்மவர் இல்லங்களில் மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருளன்று. வங்கிக்கு மாதந்தோறும் தவணை செலுத்தி, ஐந்தாண்டும் ஏழாண்டும் காத்திருந்து நமதாக்கிக் கொள்ளும் உடைமை அது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் கர்நூல், அனந்தபூர், பெங்களூரு வழியாக நம்மைச் சேலத்துக்கும் மதுரைக்கும் கொண்டு சேர்ப்பதும் அதுவே. அத்தகைய வண்டியின் மேனி இரண்டே ஆண்டில் மங்கிவிட்டால், உப்பல் வெயிலைக் குறை கூறுகின்றோம். வெயிலுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் நாள்தோறும் துடைக்கவென்று நாம் எடுத்துக் கொடுக்கும் கந்தைத் துணியும், அதில் ஒட்டிய மண்ணும் செய்யும் கேட்டினை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கால வண்டிகளின் தகட்டின்மேல் முதற்பூச்சு, நிறப்பூச்சு என அடுக்கடுக்காகப் பூசி, அவற்றின்மீது நிறமற்ற தெளிபூச்சு ஒன்றினை இடுகின்றனர். பளபளப்பைத் தருவதும், நிறத்தைக் காப்பதும் இத்தெளிபூச்சே. இதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனுக்கும் குறைவு! முற்கால அம்பாசிடர் வண்டிகளில் இது இல்லை. நிறப்பூச்சே மேற்பரப்பாக இருந்தமையால், மெருகிடுந்தோறும் துணியில் நிறம் ஏறும். அவ்வண்டிகளில் பழகிய பெரியோர், "அழுத்தித் தேய்த்தால்தான் மினுக்கும்" என்று இன்றும் கூறுவது இயல்பே. ஆனால் இன்றைய வண்டியில் கீறலை மறைக்க மெருகிடும் ஒவ்வொரு முறையும் அம்மெல்லிய பூச்சு சிறிது தேய்கின்றது. தேய்ந்தது மீண்டும் வளராது.

இனி நம் ஊர்ப் புழுதியைப் பார்ப்போம். ஐதராபாத் நகரம் பெரும்பாலும் கருங்கற்பாறையின்மேல் அமர்ந்தது. அக்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகம் மிகுதி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அதன் எண் 7. சன்னல் கண்ணாடிக்கோ ஏறக்குறைய 5.5. கண்ணாடியையே கீறவல்ல துகள், தெளிபூச்சை விட்டுவைக்குமா? உப்பல் நாற்சந்தியிலிருந்து நாரபள்ளி நோக்கிச் செல்லும் வரங்கல் சாலையில் 2018இல் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டபோது எழுந்த புழுதியை அச்சாலையோரத்து இல்லத்தரசியர் நன்கறிவர். சன்னலில் படிந்த அதே மண்தான் வண்டியிலும் படிந்தது.

அம்மண்ணை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். இரவில் தெருவிளக்கின் கீழ் கறுப்பு வண்டியொன்றைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற வட்டக் கோடுகள் தோன்றும். உண்மையில் அக்கீறல்கள் வட்டமானவை அல்ல. எத்திசையிலும் சிதறிக் கிடப்பவை. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால், கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன.

பல அடுக்குமாடி இல்லங்களில் விடியற்காலையில் காவலாளியே வண்டிகளைத் துடைக்கின்றார். ஒரே வாளி நீர், ஒரே கந்தை, பத்துப் பன்னிரண்டு வண்டிகள். கீறல் கண்டவுடன் அவரைக் கடிந்துகொள்ளும் அன்பர்கள், அவர் கையில் நாம் கொடுத்தது என்ன என்பதையும் பார்த்தல் வேண்டும். கிழிந்த பனியனும், பொத்தான் நீக்காத பழைய சட்டையும் தந்துவிட்டு, இலட்சக்கணக்கில் விலை கொடுத்த பொருளைக் காக்கச் சொல்வது நியாயமாகுமோ? நாள்தோறும் உலரத் துடைப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை நீரூற்றிக் கழுவச் சொல்லுங்கள், ஊதியத்தைக் குறைக்காதீர்கள். துண்டுகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

எத்துண்டு வாங்குவது? சோலாப்பூர் டர்க்கி டவல் உடலுக்கு உகந்தது. பருத்தி வேட்டித் துணியும் மென்மையானதே. ஆனால் பருத்தியிழை மண்ணைத் தன்னுள் வாங்காமல், மேற்பரப்பிலேயே இழுத்துச் செல்லும். சாலைச் சந்திகளில் விற்கும் மஞ்சள் துணி கண்ணாடிக்கு ஆகலாம், வர்ணத்துக்கு வேண்டா. இன்று சிறந்தது மைக்ரோஃபைபர் துண்டே. பாலியெஸ்டரும் நைலான் இனத்து இழையும் பெரும்பாலும் 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற அளவில் கலந்து, பட்டினும் நுண்ணியதாக இழையைப் பிளந்து நெய்வது. பிளவுகளுக்கிடையே நீரும் துகளும் புகுந்து தங்கும். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்பார் இத்தகைய நுண்ணிழையால் செயற்கை மென்தோலை உருவாக்கிய பின்னரே இவ்வகைத் துணிகள் உலகெங்கும் பரவின.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 350 முதல் 400 கிராம் வரை உள்ளது பொதுத் துடைப்புக்குப் போதும். கழுவியபின் ஈரம் ஒற்ற 500 கிராமுக்கு மேற்பட்ட தடித்த துண்டு நலம். ஓரத்தையும் தடவிப் பாருங்கள். கடினமான நைலான் நூலால் தைத்திருந்தால் அதுவே கீறும். விலைச்சீட்டையும் வெட்டி எறிந்துவிடல் வேண்டும். ஐயமிருப்பின், பயனற்ற பழைய சி.டி. தகட்டின் பளபளக்கும் பக்கத்தில் துண்டைத் தேய்த்துப் பார்க்கலாம்.

துண்டை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானால் மறுமுகம். சக்கரத்துக்கென்று தனித் துண்டு வேண்டும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கு மிகுதி. தரையில் விழுந்த துண்டை உதறிவிட்டு மீண்டும் எடுக்கலாகாது. அது நேரே துவைக்கப் போகட்டும்.

துவைப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். பருத்தி ஆடைகளோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு முழுதும் துண்டில் ஏறிவிடும். மணமூட்டும் துணி மென்மைநீர் அறவே கூடாது. அது நுண்ணிழைகளின்மேல் படலமாகப் படிந்து, துண்டு நீரை உறிஞ்சாமற் போகும். வெளுக்கும் தூளும், கொதிநீரும் இழையைக் கெடுக்கும். திரவ சோப்பும், 40 பாகைக்கு மேற்படாத வெந்நீரும் போதுமானவை. உலர்த்துமிடமும் முக்கியம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்தால், நாம் நீக்கிய புழுதியையே துண்டு மீண்டும் வாரிக்கொள்ளும். வீட்டினுள் கொடியில் நிழலுலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைப்பதே நன்று.

இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புச் செறிந்தது. சூடான தகட்டின்மேல் அது உலர்ந்தால் வெண்புள்ளிகள் பதியும். ஆதலின் மாலை நிழலில் கழுவி, பகுதி பகுதியாக உடனே ஈரத்தை ஒற்றியெடுங்கள். ஊர்ப் பயணம் முடிந்து வந்தபின் முகப்பில் அப்பியிருக்கும் பூச்சிகளைச் சுரண்டாமல், ஈரத்துண்டைப் பத்து நிமிடம் விரித்து வைத்தால் அவை ஊறி எளிதில் நீங்கும். அதற்கு முதுமையடைந்த துண்டே போதும். அதன்பின் அது சக்கரத்துக்கும், இறுதியில் வாசற்படிக்கும் போகலாம்.