நகைச்சுவைப் பழம்படங்கள்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியனார். அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்று பிறக்கும் என்றும் வகுத்துரைத்தார். அந்நூலைப் பாடமாகப் பயிலும் நாம், சங்கீதமும் ஹாஸ்யமும் விரவிய பழைய தமிழ்ப் படங்களை வீண்பொழுதெனத் தள்ளுதல் பொருந்துமோ?

1941-இல் வெளிவந்த ‘சபாபதி’யைக் காண்க. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தினின்று எழுந்தது அப்படம். செல்வர் வீட்டுப் பிள்ளையாக டி. ஆர். ராமச்சந்திரனும், அதே பெயர் பூண்ட வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். வேலைக்காரனது மடமையைக் கண்டு நகைக்கத் தொடங்கும் நாம், பரீட்சையில் தவறும் எஜமானனது பேதைமையையும் கண்டு நகைக்கின்றோம். மாணவராகிய நமக்கு அந்நகை சற்றே சுடும்.

காளி ரத்தினம் மதுரைக்கு அயலாரல்லர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்க்கு நடிப்புக் கற்பித்தவர். பேச்சினின்று பாட்டிற்கும், பாட்டினின்று பேச்சிற்கும் தடையின்றிச் செல்லும் அந்நாடக மேடைப் பயிற்சியே இப்படங்களுக்கு உயிர்நாடி.

இனி, ‘நல்லதம்பி’ (1949). இதில் என். எஸ். கிருஷ்ணன், நந்தனார் சரித்திரத்தைத் தழுவிக் கிந்தனார் காலட்சேபம் நிகழ்த்துகின்றார். நந்தனார் தில்லையை நாடினார்; தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவனாகிய கிந்தனோ கல்வியை நாடுகின்றான். நாம் சிரித்து ஓயுமுன்னரே சாதிக் கொடுமை நெஞ்சில் தைக்கின்றது. எள்ளல் அறத்தின் கருவியாதலை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

பெண்டிரையும் பணியாளரையும் இழித்து நகைக்கும் இடங்கள் பழம்படங்களில் உள என்பார் கூற்று மெய்யே. அவற்றைப் போற்றுமாறு யாம் கூறவில்லை. நகை எங்கே அறமாகின்றது, எங்கே கொடுமையாகின்றது என ஆய்ந்து காணுமாறே கூறுகின்றோம்.

ஆய்வதற்கோ படங்கள் எஞ்சுதல் வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) இன்று காணக் கிடைத்திலது. அக்காலத்து நைட்ரேட்டுச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. நாளடைவில் தாமே சிதைவன. ஆயினும், கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சில, படம் அழிந்த பின்னும் அதன் கதையையும் பாடல்களையும் காத்து நிற்கின்றன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களில் பாட்டனார் பெட்டிகளில் அவை இன்னும் கிடத்தல் கூடும்.

வீடுதோறும் ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் உ. வே. சாமிநாதையர். அப்பெரும்பணிக்கு முன் இது மிகச் சிறிது. எனினும் நம்மால் இயல்வது. ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், அப்புத்தகங்களைத் தேடிக் கொணர்ந்து நம் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பீராக. தமிழ் மன்றத்தாரும் பருவந்தோறும் ஒரு பழம்படத்தையேனும் திரையிட்டு, அதனைக் குறித்து விவாதம் நிகழ்த்துவாராக.